சொந்தமாகக் கட்டிய கெர்னல் முடங்கும்போது: வாசகர் கேள்வி பதில்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் மூல நிரலைத் தாங்களே தொகுத்து நிறுவிய வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த முறை முழுப் பகுதியையும் ஒதுக்கியிருக்கிறோம். பதில்களுக்குள் செல்லும் முன் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் டிஸ்ட்ரோவோடு, அதாவது உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீட்டோடு, வந்த கெர்னலை எக்காரணம் கொண்டும் நீக்கிவிடாதீர்கள். கணினியைத் தொடங்கிவைக்கும் கிரப்பின் பட்டியலில் அது இருக்கும்வரை, நீங்கள் கட்டிய கெர்னல் எத்தனை முறை முடங்கினாலும் கணினி உங்கள் கையில்தான் இருக்கும். அதோடு, கோளாறு கணினியில் உள்ளதா, நீங்கள் கட்டிய கெர்னலில் உள்ளதா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

கேள்வி: உபுண்டு உள்ள என் மடிக்கணினியில் 6.12 கெர்னலைத் தொகுத்தேன். நேரத்தை மிச்சப்படுத்த ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’ கட்டளையால், கெர்னலில் எவையெல்லாம் சேர வேண்டும் என்று சொல்லும் அமைவைச் சுருக்கினேன். தொகுப்பு பிழையின்றி முடிந்தது. ஆனால் மறுதொடக்கம் செய்தால், ‘விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன்-பிளாக் 0,0’ என்று சொல்லிக் கெர்னல் பேனிக் ஆகி (மீள முடியாத பிழையால் இயக்கத்தை நிறுத்தி) நிற்கிறது. எதை விட்டுவிட்டேன்?
— பொறியியல் மாணவர், திருநெல்வேலி

பதில்: கணினியின் கோப்புகளுக்கு அடித்தளமான ரூட் கோப்பமைப்பு இருக்கும் வட்டைக் கெர்னலால் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்பதுதான் அந்த 0,0 என்ற எண்களின் பொருள். அங்கே பூச்சியம் அல்லாத எண்கள் இருந்திருந்தால், வட்டு தெரிகிறது, ஆனால் அதில் உள்ள கோப்பமைப்பைப் படிக்க முடியவில்லை என்று கொள்ளலாம். பேனிக் வரிக்குச் சற்று மேலே, கெர்னல் தனக்குத் தெரிந்த பிரிவுகளை எல்லாம் பட்டியலிட்டிருக்கும். அந்தப் பட்டியல் காலியாக இருந்தால் என்விஎம்இ அல்லது சாட்டா டிரைவர் கெர்னலுக்குள் வரவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. உபுண்டுவிலும் டெபியனிலும் வட்டின் டிரைவர் பொதுவாகக் கெர்னலுக்குள்ளே இருப்பதில்லை. இனிட்ராம்எஃப்எஸ் என்ற தற்காலிகக் கோப்பமைப்புக்குள், தேவைப்படும்போது ஏற்றும் தனித் துண்டான மாட்யூலாக இருக்கிறது. இனிட்ராம்எஃப்எஸ் ஒழுங்காக ஏறி, அதற்குள் தேவையான மாட்யூல் மட்டும் இல்லாமல் போயிருந்தால், நீங்கள் பேனிக்கைப் பார்த்திருக்க மாட்டீர்கள்; ரூட் சாதனம் இல்லை என்ற எச்சரிக்கையோடு ஒரு சிறிய ஷெல் திறந்திருக்கும். உங்களுக்கு நேராகப் பேனிக்கே வந்திருப்பதால், இனிட்ராம்எஃப்எஸ்ஸே ஏறவில்லை என்றுதான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

அது ஏறாமல் போக வழக்கமான காரணங்கள் மூன்று. பூட் பிரிவில் இடம் தீர்ந்து, இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு உருவாகாமலோ பாதியிலோ நின்றிருக்கலாம்; பிழைதிருத்தத் தகவலோடு தொகுத்த மாட்யூல்களால் அந்தக் கோப்பு பல நூறு மெகாபைட்டாக வீங்குவது மிகச் சாதாரணம் என்பதால், மாட்யூல்களை நிறுவும்போது ‘இன்ஸ்டால் மாட் ஸ்ட்ரிப்’ என்ற மாறியை 1 என்று கொடுத்து அத்தகவலை உரித்துவிடுங்கள். அல்லது கிரப் பட்டியலில் உங்கள் கெர்னலுக்கான பகுதியில், இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைச் சுட்டும் இனிட்ஆர்டி வரியே இல்லாமல் இருக்கலாம். இல்லையென்றால், அந்தக் கோப்பு எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறதோ அந்த முறையை, எடுத்துக்காட்டாக இசட்ஸ்டாண்டர்டை, விரிக்கும் திறன் உங்கள் கெர்னலில் அணைக்கப்பட்டிருக்கலாம். ரூட் சாதனத்தை யூயூஐடி என்ற தனி அடையாள எண் கொண்டு குறிப்பிடும் வழக்கம் இருப்பதால் இந்தத் தவறு இன்னும் கடுமையாகிறது. இனிட்ராம்எஃப்எஸ் இல்லாத கெர்னலுக்குப் பிரிவின் பார்ட்யூயூஐடி புரியும். கோப்பமைப்பின் யூயூஐடி புரியாது.

லோக்கல்மாட்கான்ஃபிக் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் கணத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டுமே அது வைத்துக்கொள்கிறது. அப்போது செருகப்படாத பென்டிரைவ், இணைக்கப்படாத புளூடூத் ஒலிபெருக்கி, அன்று பயன்படுத்தாத விபிஎன் ஆகியவற்றுக்கான டிரைவர்கள் எல்லாம் போய்விடும். அடுத்த முறை, கட்டளையை இயக்கும் முன் உங்களிடம் உள்ள எல்லாச் சாதனங்களையும் ஒருமுறை செருகி, இயக்கிப் பார்த்துவிடுங்கள். மாட்ப்ரோப்ட்-டிபி என்ற சிறு கருவி, நாள்பட ஏறிய மாட்யூல்களின் பட்டியலைச் சேர்த்து வைத்துக்கொடுக்கும். அந்தப் பட்டியலை லோக்கல்மாட்கான்ஃபிக்குக்குக் கொடுப்பது இன்னும் பாதுகாப்பானது.

கேள்வி: என் கணினியின் வைஃபை அட்டைக்கான டிரைவர் கெர்னலோடு வருவதில்லை, ஒவ்வொரு கெர்னலுக்கும் மாட்யூலைத் தானாகக் கட்டித்தரும் டிகேஎம்எஸ் வழியாகத் தனியாக நிறுவியிருக்கிறேன். நான் கட்டிய கெர்னலில் அது ஒரு மாதம் நன்றாக வேலை செய்தது. ஃபயர்வால் தேவையில்லை என்று, அதற்கு அடிப்படையான நெட்ஃபில்டர் தொடர்பான தேர்வுகளை அணைத்து, அதே பதிப்பை மறுபடி தொகுத்து நிறுவினேன். இப்போது வைஃபையை இயக்கிய உடனே கணினி முடங்குகிறது. ஃபயர்வாலுக்கும் வைஃபைக்கும் என்ன தொடர்பு?
— மென்பொருள் பணியாளர், கோயம்புத்தூர்

பதில்: தொடர்பு இருக்கிறது. சொந்தமாகக் கெர்னல் கட்டுபவர்களை அதிகம் அலைக்கழிக்கும் கோளாறுகளில் ஒன்று இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வலையமைப்பில் வந்துபோகும் ஒவ்வொரு பொதியையும் கெர்னல் ‘எஸ்கே-பஃப்’ என்ற ஒரு கட்டமைப்பில் வைத்துக் கையாளுகிறது. அந்தக் கட்டமைப்பின் வடிவம் நிலையானது அன்று. நீங்கள் அமைவில் எதை இயக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். நெட்ஃபில்டரின் இணைப்புக் கண்காணிப்பு இயக்கப்பட்டிருந்தால் அதற்கென ஒரு புலம் கட்டமைப்பின் நடுவில் சேர்கிறது. 64 பிட் கணினியில் அது 8 பைட். பொதியின் நீளத்தைச் சொல்லும் புலம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. நீங்கள் கண்காணிப்பை அணைத்ததும் அந்த 8 பைட் மறைந்து, பின்னால் உள்ளவை எல்லாம் முன்னே நகர்ந்துவிட்டன. புதிய கெர்னலுக்கு இது தெரியும். பழைய அமைவின்படி தொகுக்கப்பட்ட வைஃபை மாட்யூலுக்குத் தெரியாது. நீளத்தைப் படிப்பதாக எண்ணி அது வேறெதையோ படிக்கிறது. அடுத்து நிகழ்வது முடக்கம்தான்.

பழைய மாட்யூலைக் கெர்னல் ஏன் உள்ளே விட்டது என்று கேட்பீர்கள். ஒவ்வொரு மாட்யூலிலும் வெர்மேஜிக் என்ற ஒரு முத்திரை இருக்கும். அதில் பதிப்பின் பெயரும், பல செயலிகளுக்கான ஆதரவு, முன்னுரிமை முறை போன்ற சில அடிப்படைத் தேர்வுகளும் மட்டுமே பதிவாகின்றன. நெட்ஃபில்டர் அதில் இல்லை. நீங்கள் அதே பெயரில் மறுபடி தொகுத்ததால் முத்திரை அப்படியே பொருந்திவிட்டது. டிகேஎம்எஸ்ஸும் பெயரைத்தான் பார்க்கிறது. இந்தப் பதிப்புக்கு மாட்யூல் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கிறது என்று கண்டதும், மறுபடி கட்டாமல் விட்டுவிடுகிறது. கெர்னலோடு வரும் மாட்யூல்களை நிறுவும்போது பழைய கோப்புகள் துடைக்கப்படும். ஆனால் டிகேஎம்எஸ் வைக்கும் ‘அப்டேட்ஸ்’ கோப்புறை அப்படியே கிடக்கும். இனிட்ராம்எஃப்எஸ்ஸை நீங்கள் புதுப்பிக்காமல் இருந்தால் அதற்குள்ளும் பழைய மாட்யூல்களே இருக்கும்.

இப்போதைக்கு அந்த டிரைவரை டிகேஎம்எஸ்ஸிலிருந்து நீக்கி, புதிய கெர்னலின் தலைப்புக் கோப்புகளைக் கொண்டு மறுபடி கட்டி, இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதிதாக உருவாக்குங்கள். இனிமேல் அமைவில் ஒரே ஒரு தேர்வை மாற்றினாலும் ‘லோக்கல்வெர்ஷன்’ என்ற பின்னொட்டை மாற்றுங்கள். பெயர் வேறானால் மாட்யூல் கோப்புறையும் வேறாகிவிடும். பழையதும் புதியதும் கலக்கவே வழியிருக்காது. ‘மாட்வெர்ஷன்ஸ்’ என்ற தேர்வையும் இயக்கி வையுங்கள். கெர்னல் வெளியே தரும் ஒவ்வொரு செயற்கூறுக்கும் அதன் வகைகளிலிருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண்ணை அது பதிவு செய்வதால், இதுபோன்ற பொருந்தாத மாட்யூல் கணினியை முடக்குவதற்குப் பதிலாக ஏறவே மறுத்துவிடும்.

கேள்வி: நான் கட்டிய கெர்னலில் கணினி சில மணி நேரம் ஓடிவிட்டுத் திடீரென்று உறைந்துவிடுகிறது. மவுஸ் கூட அசைவதில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தொடங்கிய பின் பதிவுகளைப் பார்த்தால், உறைந்த நேரத்தில் ஒரு வரி கூட இல்லை. செய்தியே இல்லாமல் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: கெர்னல் செய்தி எழுதியிருக்க வாய்ப்புண்டு, அது வட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. பேனிக் ஆன கெர்னல், தன் நினைவகமே பழுதுபட்டிருக்கலாம் என்ற நிலையில், கோப்பமைப்பில் எதையும் எழுதத் துணிவதில்லை. எழுதினால் உங்கள் கோப்புகளும் சேர்ந்து கெடும். ஆகவே முந்தைய தொடக்கத்தின் பதிவை, அதைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளை மூலம் பார்ப்பது முதல் படி மட்டுமே. அங்கே எதுவும் கிடைக்கவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள்.

முதலில், அது உண்மையிலேயே கெர்னலின் முடக்கமா என்று பாருங்கள். ஆல்ட் விசையையும் சிஸ்ரெக் விசையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மற்றொரு எழுத்தை அழுத்தினால் கெர்னல் நேரடியாகப் பதிலளிக்கும். உபுண்டுவில் இவற்றில் எவற்றை அனுமதிப்பது என்று சொல்லும் எண்ணின் இயல்பு மதிப்பு 176. அதாவது வட்டுக்கு எழுதி முடிப்பது, கோப்பமைப்பைப் படிக்க மட்டும் என்று மாற்றுவது, மறுதொடக்கம் ஆகியவை மட்டும் அனுமதிக்கப்படும். சோதனைக் காலத்தில் அந்த மதிப்பை 1 என்று மாற்றி எல்லாவற்றையும் அனுமதியுங்கள். உறைந்த பின் சிஸ்ரெக்கோடு டபிள்யூ அழுத்தினால் காத்துக்கிடக்கும் பணிகளையும், எல் அழுத்தினால் ஒவ்வொரு செயலி மையமும் எங்கே நிற்கிறது என்பதையும் கெர்னல் பதிவில் எழுதும்; பிறகு எஸ் (S), யூ (U), பி (B) என்று வரிசையாக அழுத்தி ஒழுங்காக மறுதொடக்கம் செய்யலாம். இது வேலை செய்தால் கெர்னல் உயிரோடுதான் இருந்திருக்கிறது. கிராஃபிக்ஸ் டிரைவரையோ வரைகலைச் சூழலையோ ஆராய வேண்டும்.

சிஸ்ரெக்குக்கும் பதில் இல்லையென்றால், செய்தியைக் கணினிக்கு வெளியே கொண்டுவர வேண்டும். உங்கள் கணினியில் கம்பிவழி ஈதர்நெட் இருந்தால் நெட்கன்சோலையே முதலில் பரிந்துரைப்பேன். கெர்னல் எழுதும் ஒவ்வொரு வரியையும் அது யூடிபி வழியாக மற்றொரு கணினிக்கு அனுப்பிவிடும். மறுமுனையின் இயல்பு போர்ட் 6666. அங்கே, வரும் செய்திகளைக் காட்டும் நெட்கேட் கருவியைத் திறந்து வைத்தால் போதும். வைஃபையில் இதை நம்ப வேண்டாம். மேசைக் கணினியில் சீரியல் போர்ட் இருந்தால் அதைவிட நம்பகமானது எதுவும் இல்லை. கெர்னல் கட்டளை வரியில் கன்சோலை முதல் சீரியல் போர்ட்டுக்கு 115200 வேகத்தில் திருப்பிவிட வேண்டும்.

இரண்டாவது கணினி இல்லாதவர்களுக்குப் பிஸ்டோர் இருக்கிறது. பேனிக் ஆகும் கணத்தில் பதிவின் கடைசிப் பகுதியை, கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான யூஇஎஃப்ஐயின் மாறிகளில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த தொடக்கத்தில் கோப்பாகத் தரும். சிஸ்டம்டி உள்ள டிஸ்ட்ரோக்களில் அக்கோப்புகள் ‘வார், லிப், சிஸ்டம்டி, பிஸ்டோர்’ என்ற பாதையில் சேமிக்கப்படுகின்றன. அமைவைச் சுருக்கும்போது இந்தத் தேர்வை அணைத்துவிடாதீர்கள். முழு நினைவகத்தின் பிம்பமே வேண்டுமென்றால் கேடம்ப்பை அமைக்கலாம். தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்த நினைவகத்தில் இரண்டாவது கெர்னல் ஒன்று காத்திருந்து, முதல் கெர்னல் பேனிக் ஆனதும் எழுந்து பிம்பத்தை வட்டில் எழுதும். கெர்னல் 6.10இலிருந்து, வரைகலைத் திரையிலேயே பேனிக் செய்தியைக் காட்டும் வசதியும், 6.12இலிருந்து அதைக் க்யூஆர் குறியாகக் காட்டும் வசதியும் வந்திருக்கின்றன. உங்கள் கிராஃபிக்ஸ் டிரைவர் ஆதரித்தால், கைபேசியால் படம் எடுத்தே செய்தியைப் பெறலாம்.

இத்தனை வழிகளும் பேனிக் நிகழ்ந்தால்தான் பயன்படும். வெறுமனே உறைந்து நிற்கும் கெர்னலைப் பேனிக் ஆக வைக்க வேண்டும். அதற்குச் சாஃப்ட் லாக்கப், ஹார்ட் லாக்கப் கண்டறிவான்களை அமைவில் இயக்குங்கள். இயல்பான அமைப்பில் ஒரு செயலி மையம் குறுக்கீடுகளைக்கூட ஏற்காமல் 10 விநாடி நின்றால் ஹார்ட் லாக்கப், வேறு பணிக்கு இடம் கொடுக்காமல் 20 விநாடி நின்றால் சாஃப்ட் லாக்கப் என்று அவை அறிவிக்கும். அவற்றைக் கண்டதும் பேனிக் ஆகவும், பேனிக் ஆன 10 விநாடியில் மறுதொடக்கம் ஆகவும் கட்டளை வரியில் சொல்லிவிடுங்கள். அடுத்த முறை உறையும்போது உங்கள் கையில் செய்தி இருக்கும்.

கேள்வி: ஊப்ஸ் செய்தி, அதாவது கெர்னல் தன் பிழையைப் பற்றி எழுதும் அறிக்கை, கிடைத்துவிட்டது. ஆனால் எண்களும் எழுத்துகளுமாக நாற்பது வரி இருக்கிறது. எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?
— கணினி ஆசிரியை, சென்னை

பதில்: முதல் ஊப்ஸிலிருந்து தொடங்குங்கள். ஊப்ஸ் வந்த கெர்னல் குற்றமிழைத்த பணியை மட்டும் கொன்றுவிட்டுத் தொடர்ந்து ஓட முயலும். அந்தப் பணி பிடித்திருந்த பூட்டுகள் (லாக்) விடுபடாமல் கிடப்பதால், சிறிது நேரத்தில் வேறு இடங்களிலும் பிழைகள் எழும். அவை விளைவுகளே தவிரக் காரணம் அல்ல. செய்தியின் தலையில் சதுர அடைப்புக்குள் வரும் 1 என்ற எண் அது முதலாவது என்பதைச் சொல்கிறது. ‘டெயின்டட்’ என்ற சொல்லுக்குப் பின் வரும் எழுத்துகளையும் பாருங்கள். டி (D) இருந்தால் அதற்கு முன்பே ஓர் ஊப்ஸ் நிகழ்ந்துவிட்டது. டபிள்யூ என்றால் முன்பே எச்சரிக்கை வந்திருக்கிறது. பி (P) என்றால் மூலம் திறக்கப்படாத மாட்யூல், ஓ என்றால் கெர்னல் மூலத்துக்கு வெளியே கட்டிய மாட்யூல் ஏறியிருக்கிறது. எம் என்றால் செயலியே வன்பொருள் பிழையை அறிவித்திருக்கிறது. எம் இருந்தால் அமைவுக் கோப்பை மூடி வைத்துவிட்டு வன்பொருளைப் பார்க்கப் போகலாம்.

அடுத்து, கெர்னல் எந்த முகவரியைத் தொட்டு விழுந்தது என்பதைக் கவனியுங்கள். இந்த ஒரு வரி பல நேரங்களில் கதையில் பாதியைச் சொல்லிவிடும். முகவரி 0000000000000018 போல மிகச் சிறியதாக இருந்தால், வெறுமையான ஒரு சுட்டியை உண்மையான கட்டமைப்பு என்று எண்ணி, அதன் தொடக்கத்திலிருந்து பதினாறடிமான எண்ணில் 18 பைட் தள்ளியுள்ள புலத்தை நிரல் படித்திருக்கிறது. டிஇஏடி (dead) என்ற நான்கு எழுத்துகளில் தொடங்கி 100 அல்லது 122 என்று முடிந்தால், பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட ஓர் உறுப்பை நிரல் மறுபடி பயன்படுத்தியிருக்கிறது. நீக்கும்போது கெர்னல் வேண்டுமென்றே வைக்கும் அடையாளம் அது. நினைவகத்தை ஒதுக்கித் தரும் ஸ்லப்பின் பிழைதிருத்தம் இயக்கப்பட்டிருந்து, 6பி (6b) என்ற பைட் திரும்பத் திரும்ப வந்தால், விடுவித்த நினைவகத்தை நிரல் மறுபடி தொட்டிருக்கிறது.

அதன் பின் ஆர்ஐபி என்று தொடங்கும் வரி. அங்கே செயற்கூறின் பெயரும், அதற்குள் எத்தனையாவது பைட்டில் நின்றது என்பதும், அது மாட்யூலுக்குள் இருந்தால் மாட்யூலின் பெயரும் இருக்கும். அழைப்புத் தடத்தில் கேள்விக்குறியோடு வரும் வரிகளை நம்பாதீர்கள்; அவை அடுக்கில் எஞ்சிக் கிடந்த பழைய முகவரிகளாக இருக்கக்கூடும். கெர்னல் மூலத்தின் ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில் ‘டிகோட் ஸ்டாக்ட்ரேஸ்’ என்ற கருவி இருக்கிறது. முழுச் செய்தியையும் அதற்குக் கொடுத்தால் ஒவ்வொரு வரிக்கும் மூலக் கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் சேர்த்துத் தரும். அதற்கு, முடங்கிய அதே தொகுப்பில் உருவான, சுருக்கப்படாத கெர்னலான விஎம்லினக்ஸ் கோப்பு பிழைதிருத்தத் தகவலோடு வேண்டும். மறுபடி தொகுத்தது பொருந்தும் என்று உறுதியில்லை. எனவே ஒவ்வொரு தொகுப்பின் விஎம்லினக்ஸையும் அமைவுக் கோப்பையும் பெயரிட்டுத் தனியே பாதுகாத்து வையுங்கள்.

கேள்வி: எனக்கு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் ஊப்ஸ் வருகிறது. ஒருநாள் கோப்பமைப்பு, மறுநாள் வலையமைப்பு. எதைச் சந்தேகிப்பது?
— வாசகர், சேலம்

பதில்: நினைவகத்தைச் சந்தேகியுங்கள். ஒரே செயற்கூறில் திரும்பத் திரும்ப முடங்கினால் நிரலில் பிழை என்று பெரும்பாலும் கொள்ளலாம்; இடம் மாறிக்கொண்டே இருந்தால், ரேம் பழுதாக இருக்க வேண்டும், அல்லது ஏதோ ஒரு டிரைவர் தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

கெர்னலைத் தொகுப்பதே ரேமுக்கு ஒரு கடுமையான சோதனை. தொகுக்கும் கருவியான ஜிசிசி ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று நின்று, மறுபடி அதே கட்டளையைக் கொடுத்தால் அந்தக் கோப்பைத் தாண்டி வேறொரு கோப்பில் நிற்குமானால், பழுது மூல நிரலில் இல்லை. அப்படித் தொகுத்த கெர்னலையும் நம்ப முடியாது. பயாஸில் எக்ஸ்எம்பி போன்ற வேக அமைப்பு இருந்தால் அதை அணைத்துவிட்டு, மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸை ஓர் இரவு முழுவதும் ஓட விடுங்கள்.

ரேம் நன்றாக இருந்தால், கெர்னலில் கேஎஃபென்ஸ் என்ற கண்காணிப்பை இயக்குங்கள், 5.12 பதிப்பில் வந்த இது, வேகத்தை அதிகம் குறைக்காமல் நினைவக ஒதுக்கீடுகளில் சிலவற்றை மட்டும் மாதிரியாக எடுத்துக் கவனிக்கும். அதில் சிக்காவிட்டால், நினைவக அணுகல்களைச் சரிபார்க்கும் கேஏசானோடு தொகுங்கள். நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கை அது தன் கணக்குக்கென எடுத்துக்கொள்ளும். கணினி நன்றாகவே மெதுவாகும். ஆனால் தவறான இடத்தில் எழுதும் அந்தக் கணத்திலேயே, எழுதியவர் யார், அந்த நினைவகத்தை ஒதுக்கியவர் யார், விடுவித்தவர் யார் என்று மூன்று தடங்களையும் சேர்த்துக் கொடுத்துவிடும். இந்த வகைப் பிழைக்கு இதற்கு இணையான கருவி வேறில்லை.

கேள்வி: அதே அமைவோடு முந்தைய பதிப்பு நன்றாக ஓடுகிறது, அடுத்த பதிப்பு மட்டும் முடங்குகிறது. என்ன செய்யலாம்?
— வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். நல்லது ஒன்றும் கெட்டது ஒன்றும் கையில் இருந்தால், கெடுத்த மாற்றத்தைக் கிட் பைசெக்ட் நிச்சயமாக அடையாளம் காட்டும். கெர்னலின் உட்புறம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. ஒரு பதிப்புக்கும் அடுத்த பதிப்புக்கும் இடையே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருக்கும். ஒவ்வொரு சோதனையும் அதைப் பாதியாக்குவதால், பதினான்கு முறை தொகுத்துப் பார்த்தால் முடிந்துவிடும்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் அமைவுக் கோப்பு. பைசெக்ட் உங்களைப் பழைய நிரலுக்கும் புதிய நிரலுக்குமாக மாற்றி மாற்றி அழைத்துச் செல்லும். பழைய நிரலில், அமைவை அந்த நிரலுக்கேற்பச் சரிசெய்யும் ‘மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்’ இயக்கும்போது, அதற்குத் தெரியாத தேர்வுகளை அது சத்தமில்லாமல் நீக்கிவிடும். அடுத்த படியில் புதிய நிரலுக்கு வந்தால் அவை திரும்பி வாரா. ஆகவே நன்றாக ஓடிய பதிப்பின் அமைவைத் தனியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் அதையே நகலெடுத்துத் தொடங்குங்கள். தொகுக்கவே முடியாத இடம் வந்தால், நல்லது என்றோ கெட்டது என்றோ ஊகித்துச் சொல்லாமல் ‘ஸ்கிப்’ கொடுத்துத் தாண்டுங்கள். ஒரே ஒரு தவறான விடை முழுத் தேடலையும் திசை திருப்பிவிடும்.

பதிப்பு ஒன்றேயாகி, டிஸ்ட்ரோவின் அமைவு ஓடி உங்கள் அமைவு மட்டும் முடங்கினால், இதே முறையை அமைவின் மீது செலுத்தலாம். ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில் உள்ள ‘டிஃப்கான்ஃபிக்’ இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளைக் காட்டும். கெர்னல் மூலத்தில் கேடெஸ்ட் என்ற சோதனைக் கருவியோடு வரும் ‘கான்ஃபிக்-பைசெக்ட்’ அந்த வேறுபாடுகளைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிக்கத் தரும்.

கேள்வி: ஏஎம்டி கிராஃபிக்ஸ் டிரைவரை மாட்யூலாக வைக்காமல் கெர்னலுக்குள்ளேயே சேர்த்தேன். இப்போது திரை கறுப்பாகவே இருக்கிறது.
— வாசகர், ஈரோடு

பதில்: கெர்னலுக்குள் சேர்த்த டிரைவர், ரூட் கோப்பமைப்பு ஏறுவதற்கு முன்பே எழுந்து, சாதனத்துக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைத் தேடுகிறது, அப்போது அது கிடைப்பதில்லை. மற்றொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய், கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி பார்த்தால், ஃபர்ம்வேர் ஏற்றம் மைனஸ் 2 என்ற பிழையோடு தோற்றது தெரியும்; கோப்பு இல்லை என்பதே அதன் பொருள். டிரைவரை மறுபடி மாட்யூலாக்குவதே எளிது. உள்ளேயே வேண்டுமென்றால், ‘எக்ஸ்ட்ரா ஃபர்ம்வேர்’ தேர்வின் மூலம் உங்கள் அட்டைக்கான கோப்புகளையும் கெர்னலுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ராஸ்பெரி பை 5இல் கெர்னலைக் கட்டினேன். கெர்னல் ஓடுகிறது, சில மென்பொருள்கள் மட்டும் ‘ஜெமல்லாக்: அன்சப்போர்ட்டட் சிஸ்டம் பேஜ் சைஸ்’ என்று சொல்லி விழுகின்றன.
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: பை 5இன் சில்லான பிசிஎம்2712க்கான அமைவு 16 கிலோபைட் நினைவகப் பக்கங்களைப் பயன்படுத்துகிறது. 4 கிலோபைட் பக்கத்தை மட்டும் எண்ணிக் கட்டப்பட்ட மென்பொருள்கள் அதில் ஓடுவதில்லை. பை 4இன் சில்லான பிசிஎம்2711க்கான அமைவோடு தொகுங்கள். பை 5 அதிலும் நன்றாக ஓடும்.

கேள்வி: ஆண்ட்ராய்டு கைபேசிக்குக் கெர்னல் கட்டி ஃபிளாஷ் செய்தேன். சில நேரம் தொடங்குகிறது. சில நேரம் தானாக மறுதொடக்கம் ஆகிக்கொண்டே இருக்கிறது. பதிவை எப்படிப் பெறுவது?
— கல்லூரி மாணவி, மதுரை

பதில்: பெரும்பாலான கைபேசிகளில் ராமூப்ஸ் இருக்கிறது. ரேமின் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, கெர்னல் தன் செய்திகளை அங்கே எழுதிக்கொண்டே இருக்கும். தானாக நிகழும் மறுதொடக்கத்தில் ரேமுக்கு மின்சாரம் நிற்பதில்லை என்பதால் அந்தப் பகுதி அழியாமல் இருக்கும். ரூட் அனுமதியோடு ‘சிஸ், எஃப்எஸ், பிஸ்டோர்’ பாதையில் ‘கன்சோல்-ராமூப்ஸ்’ என்று தொடங்கும் கோப்பைப் பாருங்கள். பழைய கைபேசிகளில் அது ‘ப்ராக்’ கோப்புறையில் ‘லாஸ்ட் கேமெஸ்ஜி’ என்ற பெயரில் இருக்கும். கைபேசியை முழுவதும் அணைத்துவிட்டுத் தொடங்கினால் பதிவு போய்விடும். எனவே மறுதொடக்கச் சுழலில் சிக்கினால், அணைக்காமல் நேராக ரெக்கவரிக்குள் சென்று எடுங்கள்.

சில நேரம் மட்டும் ஓடுகிறது என்று நீங்கள் சொல்வதால், செயலியின் வேகத்தைக் கூட்டும் அல்லது மின்னழுத்தத்தைக் குறைக்கும் பேட்ச் ஏதாவது சேர்த்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதை எடுத்துவிட்டுச் சோதியுங்கள். ஒரே மாடல் கைபேசிகளின் சில்லுகளுக்குள்ளும் தாங்கும் அளவு வேறுபடும். மற்றொருவரின் கைபேசியில் ஓடிய மதிப்பு உங்களுடையதில் ஓட வேண்டியதில்லை.

கெர்னல் 5.10உடனும் ஆண்ட்ராய்டு 12உடனும் வெளிவந்த கைபேசிகளிலிருந்து, பொதுவான ஒரே கெர்னல் என்ற கூகுளின் ஜிகேஐ முறை நடைமுறையில் இருக்கிறது. அதில் கெர்னல் ஒரு பக்கமும், தயாரிப்பாளரின் டிரைவர் மாட்யூல்கள் வேறொரு பிரிவிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையிலுள்ள இடைமுகம் மாறக் கூடாது. கோயம்புத்தூர் வாசகருக்குச் சொன்ன அதே கட்டமைப்புச் சிக்கல் இங்கும் வரும்: அமைவில் நீங்கள் மாற்றிய ஒரு தேர்வு கட்டமைப்பின் வடிவை மாற்றினால், நீங்கள் தொகுக்காத அந்த மாட்யூல்கள் தடுமாறும். தயாரிப்பாளர் வெளியிட்ட அமைவிலிருந்தே தொடங்கி, ஒவ்வொரு மாற்றமாகச் சேர்த்துச் சோதியுங்கள். உங்கள் கைபேசி அனுமதித்தால், ஃபிளாஷ் செய்யாமல் ‘ஃபாஸ்ட்பூட் பூட்’ கட்டளையால் புதிய பிம்பத்தை ஒருமுறை மட்டும் இயக்கிப் பார்க்கலாம். அது முடங்கினாலும் அடுத்த தொடக்கத்தில் பழைய கெர்னலே வரும். கைபேசியின் அசல் பூட் பிம்பத்தின் நகலைக் கணினியில் வைத்துக்கொண்ட பிறகே இவற்றில் எதையும் தொடங்குங்கள்.